நீரா, சதையா? வயிற்று ஸ்கேன் பிறந்த கதை

1955ஆம் ஆண்டு ஜூலை 21. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தை ஒட்டிய ரென்ஃப்ரூ என்ற ஊரில், பாப்காக் அண்டு வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்கு இரண்டு கார்கள் வந்து நின்றன. இரண்டின் டிக்கியிலும் பெண்களின் வயிற்றிலிருந்து அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகள். சிறியதும் பெரியதுமாகக் கர்ப்பப்பைத் தசைக்கட்டிகள், சினைப்பை நீர்க்கட்டிகள். கொண்டுவந்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட். தொழிற்சாலைக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வாங்கி வைத்திருந்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க.

கொதிகலன் செய்கிற இடத்தில் மகப்பேறு மருத்துவருக்கு என்ன வேலை? அங்கே ஒரு கருவி இருந்தது. இரும்புத் தகடுகளைப் பற்றவைத்த இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்று ஒலியைச் செலுத்திக் கண்டுபிடிக்கும் கருவி. பானை வாங்குகிறவர் விரலால் தட்டி, சத்தத்தை வைத்துக் கீறல் உண்டா என்று சொல்வாரே, அதே வித்தைதான். இங்கே தட்டுவது மனிதக் காதுக்கு எட்டாத ஒலி. அது உள்ளே போய், எங்கே பொருள் மாறுகிறதோ அங்கே மோதித் திரும்பும். திரும்பி வந்த நேரத்தை வைத்து எவ்வளவு ஆழத்தில் மோதியது என்று கணக்கிடலாம். திரையில் ஒரு கோடு மேலே துள்ளும்.

டொனால்ட் கொண்டுவந்த கட்டிகள் மேல் அந்தக் கருவியை வைத்தார்கள். நீர்க்கட்டியில் கோடு முன்சுவரில் ஒருமுறை துள்ளியது. பிறகு நடுவில் ஒன்றுமே இல்லை. பின்சுவரில் மறுபடி ஒரு துள்ளல். தசைக்கட்டியில் அப்படி வெறுமை இல்லை. வழிநெடுகச் சின்னச் சின்னத் துள்ளல்கள், ஆழம் போகப் போகத் தேய்ந்துகொண்டே வந்தன. நீர் எது, சதை எது என்று கத்தி வைக்காமலே தெரிந்துவிட்டது. மகளிர் மருத்துவம் இந்த ஒரு விடைக்காக எத்தனை காலம் காத்திருந்தது, அதுவரை பெண்கள் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று தெரிந்தால்தான் அன்று நடந்ததன் பெருமை விளங்கும்.

லண்டனில் பன்ஹில் ஃபீல்ட்ஸ் என்ற பழைய இடுகாட்டில் மேரி பேஜ் என்ற பெண்மணியின் கல்லறை இருக்கிறது. இறந்தது 1728இல். அவரைப் பற்றி அந்தக் கல் சொல்லும் செய்தி இதுதான்: 67 மாதங்களில் 66 முறை அவர் வயிற்றைத் துளைத்து நீர் எடுத்தார்கள், மொத்தம் 240 காலன். நம் கணக்கில் 900 லிட்டருக்கு மேல். அவருக்கு இருந்தது சினைப்பைக் கட்டியோடு சேர்ந்து நீர் கோத்துக்கொள்ளும் நோயாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் கருதினார்கள். அந்தக் காலத்தில் வயிறு வீங்கினால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். துளை போட்டு வடிப்பது, மறுபடி ஊறுவது, மறுபடி வடிப்பது. நீர் வயிற்றுக்குள் பரவிக் கிடக்கிறதா, ஒரு பைக்குள் அடைபட்டிருக்கிறதா என்பது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தால் உண்டு.

1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற நடுத்தர வயதுப் பெண்ணுக்கு வயிறு பெருத்துப் போயிருந்தது. பேறுகாலம் தள்ளிப்போய்விட்டது, இரட்டைப் பிள்ளையாக இருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். டான்வில் ஊரிலிருந்து எஃப்ரைம் மெக்டொவல் என்ற மருத்துவரை வரவழைத்தார்கள். அவர் கையால் சோதித்துப் பார்த்து, கர்ப்பப்பை காலியாக இருக்கிறது, இது சினைப்பைக் கட்டி என்று சொன்னார். வயிற்றைத் திறந்து இதை எடுத்து யாரும் பிழைத்ததாகத் தனக்குத் தெரியாது என்றும் மறைக்காமல் சொன்னார். டான்வில்லுக்கு வந்தால் செய்து பார்க்கிறேன் என்றார்.

அந்தப் பெண் வந்தார். 60 மைல், குளிர்காலத்தில், குதிரை மேல். சேணத்தின் முன்மேட்டில் வயிற்றைத் தாங்கவைத்துக்கொண்டு வந்தார். கிறிஸ்துமஸ் அன்று அறுவை நடந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மயக்க மருந்து வர இன்னும் 37 ஆண்டுகள் இருந்தன. 9 அங்குல நீளத்துக்கு வெட்டினார். திறந்ததும் குடல் மேசைமேல் சரிந்து வந்தது. கட்டி வெளியே வராத அளவுக்குப் பெரிது. அதைக் கீறிக் கூழ் போன்ற பொருளை 15 பவுண்டு வெளியேற்றினார், பிறகு ஏழரை பவுண்டு எடையுள்ள பையை எடுத்தார். மொத்தம் பத்துக் கிலோ. இருபத்தைந்து நிமிடம். ஜேன் கிராஃபோர்டு அவ்வளவு நேரமும் தெய்வப் பாடல்களைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஐந்தாம் நாள் மருத்துவர் போய்ப் பார்த்தபோது எழுந்து நின்று தன் படுக்கையைத் தானே விரித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு 32 ஆண்டுகள் வாழ்ந்து 1842இல் காலமானார்.

வயிற்று அறுவை சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் மெக்டொவலின் பெயரில் எழுதப்படுகிறது. அதில் பாதிக்கு மேல் அந்தப் பெண்ணுக்கு உரியது என்பேன். இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. மெக்டொவல் அடுத்தடுத்து இந்த அறுவையைச் செய்த பெண்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள் உண்டு. அவர்களுக்கு ஜேன் கிராஃபோர்டைப்போல யோசித்து முடிவெடுக்கும் உரிமை இருக்கவில்லை. மருத்துவ ஏட்டில் அவர்கள் பெயர்கூட இல்லை.

மெக்டொவல் இந்த அனுபவத்தை எழுதி, எடின்பரோவில் தனக்குப் பாடம் சொன்ன ஜான் பெல்லுக்கு அனுப்பினார். பெல் அப்போது இத்தாலியில். கட்டுரை ஜான் லிஸார்ஸ் என்ற மருத்துவரின் கைக்குப் போனது. 1820களில் லிஸார்ஸ் தாமும் முயன்றார். வயிறு பெருத்த ஓர் இளம்பெண்ணுக்குச் சினைப்பைக் கட்டி என்று முடிவுசெய்து வயிற்றைத் திறந்தார். உள்ளே கட்டியே இல்லை. கொழுப்பும், காற்று நிறைந்த குடலும்தான். மூடித் தைத்தார், பெண் பிழைத்துக்கொண்டார்.

லிஸார்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியிலிருந்து அறிய வழியே கிடையாது. கையால் அழுத்திப் பார்க்கலாம், விரல் வைத்துத் தட்டிப் பார்க்கலாம், மிஞ்சினால் ஊகம். மயக்க மருந்து வந்தது, கிருமிநீக்கம் வந்தது. லண்டனில் ஸ்பென்சர் வெல்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1880க்குள் ஆயிரம் சினைப்பைக் கட்டி அறுவைகளை முடித்தார். ஆரம்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு வெகுவாகக் குறைந்தது. அறுக்கும் கலை அவ்வளவு தூரம் வளர்ந்தும், அறுக்கத்தான் வேண்டுமா என்று முன்கூட்டிச் சொல்லும் கலை வளரவில்லை. வயிற்றைத் திறந்து பார்ப்பதே பரிசோதனையாகவும் இருந்தது, சிகிச்சையாகவும் இருந்தது. 1950கள் வரை இதுதான் நிலை. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். நீர்க்கட்டிக்கும் சதைக்கட்டிக்கும் வேறுபாடு சொல்லாது.

இயன் டொனால்ட் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் மருத்துவராக இருந்தவர். எரிந்துகொண்டிருந்த விமானத்துக்குள் போய் வீரர்களை மீட்டதற்காகப் பதக்கம் பெற்றவர். ரேடார், கடலுக்கடியில் நீர்மூழ்கியைத் தேடும் சோனார் எல்லாம் அவருக்குப் போரில் பழக்கமானவை. 1954இல் கிளாஸ்கோ வந்தார். எந்திரங்கள் மீது அவருக்கிருந்த மோகத்தைப் பார்த்து ‘மேட் டொனால்ட்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவர் வைத்தியம் பார்த்த பெண் ஒருவரின் கணவர் கொதிகலன் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர். ரென்ஃப்ரூ தொழிற்சாலையின் கதவு திறந்தது அந்த அறிமுகத்தால்தான்.

ஒலியை மருத்துவத்துக்குத் திருப்ப நினைத்தவர் டொனால்ட் ஒருவரே அல்ல. ஆஸ்திரியாவில் கார்ல் டூசிக் மூளையைப் பார்க்க முயன்றிருந்தார். அமெரிக்காவில் ஜான் வைல்டு மார்பகக் கட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டென்வரில் டக்ளஸ் ஹௌரி நோயாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்காரவைத்துப் படம் எடுத்தார். அழகான படங்கள், ஆனால் எழுந்து உட்கார முடியாத நோயாளியை என்ன செய்வது? கிளாஸ்கோவில் வழி பிறந்ததற்குக் காரணம் கையிலிருந்த கேள்வி தெளிவாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வயிற்றில் இருப்பது நீரா, சதையா? அந்த ஒரு கேள்வியோடு அவர்கள் தொடங்கினார்கள்.

டொனால்டுக்கு முதலில் கிடைத்தது லண்டனில் ஒருவர் பயன்படுத்தி ஒதுக்கிய பழைய விரிசல் காட்டும் கருவி. தோலுக்கு அடியில் முதல் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருப்பதை அது காட்டாது. அதனால் வயிற்றின் மேல் நீர் நிறைந்த பாத்திரத்தை வைத்து, அதன் வழியாக ஒலியை அனுப்பிப் பார்த்தார்கள். நீர் சிந்தியது, படுக்கை நனைந்தது. மருத்துவமனையில் சிரித்தவர்கள் அதிகம்.

கெல்வின் அண்டு ஹியூஸ் நிறுவனம்தான் அந்தக் கருவியைச் செய்தது. அங்கே டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர் வேலை செய்தார்; வயது 23. தங்கள் நிறுவனக் கருவியை ஒரு பேராசிரியர் மனிதர்கள் மேல் வைத்துப் பார்க்கிறார் என்று காதில் விழுந்ததும், தொலைபேசிப் புத்தகத்தில் டொனால்டின் எண்ணைத் தேடிப் பிடித்து, வந்து பார்க்கலாமா என்று கேட்டார். வந்து பார்த்தவர் அந்தப் பழைய கருவி தேறாது என்று கண்டுகொண்டு, நிறுவனத்திலிருந்து புதிய ஒன்றை வரவழைத்தார். பிறகு அதோடு நிற்கவில்லை. துள்ளும் கோட்டை மட்டும் பார்ப்பதற்குப் பதிலாக, ஒலியை அனுப்பி வாங்கும் முனையான புரோபை வயிற்றின் மேல் நகர்த்திக்கொண்டே போனால் ஒவ்வொரு எதிரொலியும் அதனதன் இடத்தில் புள்ளியாக விழுந்து, மொத்தமும் ஒரு குறுக்குவெட்டுப் படமாக வரும்படி செய்தார். தண்ணீர்த் தொட்டி வேண்டாம். வயிற்றில் ஆலிவ் எண்ணெய் தடவி, புரோபை நேராகத் தோலின்மேல் வைத்தால் போதும். நோயாளிகள் படுக்கையில் சாப்பிடுவதற்கு வைக்கும் மேசையை எடுத்து அதன் மேல் அவர் கட்டியதுதான் இந்த வகை ஸ்கேனரின் முதல் வடிவம். இன்று ஸ்கேன் அறையில் பிசுபிசுவென்று ஜெல் தடவுகிறார்களே, அந்த ஆலிவ் எண்ணெயின் இடத்தைத்தான் அது பிடித்திருக்கிறது. தோலுக்கும் புரோபுக்கும் இடையில் காற்று புகுந்தால் ஒலி உள்ளே போகாது.

இந்தக் கருவிகளோடு பழகிக்கொண்டிருந்த நாட்களில் இன்னொரு பேராசிரியரின் வார்டிலிருந்து ஒரு பெண் வந்தார். வயிறு ஊதிப் போயிருந்தது, உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது, வாந்தி. எக்ஸ்ரே பார்த்து இரைப்பைப் புற்றுநோய், அறுவைக்கு வழியில்லை என்று கைவிட்டிருந்தார்கள். வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்பது முடிவு. புற்றுநோயில் வயிற்றுக்குள் நீர் பரவிக் கிடந்தால் குடல் அதில் மிதக்கும். ஒலி அங்கங்கே மோதிச் சிதறிய எதிரொலிகள் வரும். டொனால்டும் அவருடைய உதவி மருத்துவர் ஜான் மெக்விகரும் கண்டது அதுவல்ல. தெளிவான ஓரம் கொண்ட ஒரே பெரிய பை. உள்ளே நீர். இது சினைப்பை நீர்க்கட்டி என்றார்கள். வயிற்றைத் திறந்தார்கள். சினைப்பையிலிருந்து எழுந்த பெரிய கட்டிதான், புற்றுநோய் அல்ல. எடுத்தார்கள். சாகக் கிடந்த பெண் குணமாகி வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. 1958 ஜூன் 7ஆம் தேதி ‘தி லான்செட்’ இதழில் டொனால்ட், மெக்விகர், பிரவுன் மூவர் பெயரிலும் கட்டுரை வெளியானது. கருவிலிருக்கும் குழந்தையின் ஸ்கேன் படங்கள் அதில் வந்ததால் மகப்பேறு ஸ்கேனின் பிறப்பாக உலகம் அதைக் கொண்டாடுகிறது. ஆனால் அதன் தலைப்பு பேசியது வயிற்றுக் கட்டிகளைப் பற்றி. குழந்தையைக் காட்டுவதற்கு முன்பே ஸ்கேன் நீர்க்கட்டியைக் காட்டியது.

சில ஆண்டுகள் கழித்து, 1963 வாக்கில், டொனால்ட் இன்னொன்றைக் கவனித்தார். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது கர்ப்பப்பையும் சினைப்பைகளும் பளிச்சென்று தெரிகின்றன. நிறைந்த பை குடலை மேலே தள்ளிவிடுகிறது. ஒலி போக நீர்வழி கிடைக்கிறது. “நல்லா தண்ணி குடிங்க, யூரின் போகாம அடக்கிட்டு வாங்க” என்று நம்மூர் ஸ்கேன் சென்டர்களில் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். காலை முழுக்க அடக்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லாப் பெண்களுக்கும் அந்த அவஸ்தை தெரியும். 1980களில் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் வந்தது. அதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். திருமணமாகாத பெண்களுக்கு இன்றும் பழைய வழியே.

இந்தியாவுக்கு வந்த ஸ்கேன் வேறொரு வேலைக்கும் வளைக்கப்பட்டது. பெண் சிசுவென்று தெரிந்துகொண்டு கருவை அழிப்பது பெருகி, 1994இல் அதைத் தடுக்கும் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 2003இல் இன்னும் இறுக்கினார்கள். சாகக் கிடந்த ஒரு பெண்ணைப் பிழைக்கவைத்த கருவி இது. அதையே பெண் பிறக்கவிடாமல் செய்யப் பயன்படுத்தியதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பொறுப்பதில்லை.

நீர்க்கட்டி விஷயத்தில் ஸ்கேன் செய்த பெரிய உதவி, காத்திருக்கும் தைரியம். மாதவிலக்கு வருகிற வயதில் ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் ஒரு முட்டைப்பை நீரோடு வளர்ந்து, இரண்டு சென்டிமீட்டர் அளவில் வெடித்து முட்டையை விடுகிறது. சில மாதம் வெடிக்காமல் பெருத்துவிடும். அதுதான் மிகச் சாதாரண நீர்க்கட்டி. ஸ்கேனில் உள்ளே ஒரே கருப்பு, ஓரம் மெல்லியது, குறுக்குச் சுவர் இல்லை, சதை முளைப்பு இல்லை என்றால், 5 சென்டிமீட்டருக்குள் இருப்பவற்றைத் தொடர்ந்து பார்க்கவே பெரும்பாலும் தேவையில்லை என்பது பிரிட்டன் மகளிர் மருத்துவர்களின் வழிகாட்டி. மூன்று மாதவிலக்குக்குள் அநேகமாகத் தானே வற்றிவிடும். கருத்தடை மாத்திரை கொடுத்தால் சீக்கிரம் வற்றும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆய்வுகளில் அது மெய்ப்படவில்லை.

ஸ்கேனில் தீங்கற்றதாகத் தெரிந்த கட்டிகளை எடுக்காமல் கண்காணித்து வந்த 1,919 பெண்களைப் பற்றிய பன்னாட்டு ஆய்வொன்று 2019இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில் ஐந்தில் ஒருவருக்குக் கட்டி தானாகவே மறைந்தது. புற்றுநோய் என்று தெரியவந்தது 0.4 சதவீதத்தினருக்கு. கட்டி முறுக்கிக்கொண்டது இன்னொரு 0.4 சதவீதம். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டில் “சிஸ்ட்” என்ற சொல்லைப் பார்த்ததும் இரவெல்லாம் தூங்காத பெண்களிடம் பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. இளம்பெண்களுக்கு வரும் பிசிஓஎஸ் வேறு சங்கதி. அதில் சினைப்பை ஓரத்தில் தெரிவது வளர்ச்சி நின்ற சின்ன முட்டைப்பைகள். கட்டிகள் அல்ல, அறுத்து எடுக்க அங்கே எதுவும் இல்லை. ஹார்மோனையும் எடையையும் கவனிப்பதே அதற்கு வைத்தியம்.

எல்லாக் கட்டியும் வற்றாது. முடியும் கொழுப்பும் சில சமயம் பல்லும் உள்ள டெர்மாய்டு கட்டி வற்றாது. கர்ப்பப்பையின் உட்படலம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸில் பழைய ரத்தம் தேங்கி உண்டாகும் சாக்லேட் சிஸ்ட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். வலி, குழந்தைப்பேறு, வயது எல்லாம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சிஏ 125 ரத்தப் பரிசோதனை கூடியிருந்தாலே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம். எண்டோமெட்ரியோசிஸிலும் கூடும், மாதவிலக்கு நாட்களிலும் கூடும், நம் நாட்டில் பரவலாக உள்ள வயிற்றுக் காசநோயிலும் கூடும். மாதவிலக்கு நின்றுபோன பெண்களின் கணக்கு வேறு. அந்த வயதில் புதிதாகக் கட்டி தெரிந்தால் அல்லது சில வாரங்களாக வயிறு உப்புவது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துபோவது என்று இருந்தால், வாயுத் தொல்லை என்று கைவைத்தியம் செய்துகொண்டிருக்காமல் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதில் சதைப்பகுதி தெரிந்தால் புற்றுநோய் அறுவையில் பயிற்சி பெற்றவரிடமே போக வேண்டும்.

எந்த வயதானாலும், அடிவயிற்றில் ஒரு பக்கமாகத் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் கட்டி சினைப்பையோடு முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்றுவிடும். நேரத்துக்குள் போனால் சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் முறுக்கைப் பிரித்துவிடலாம். கறுத்துப் போன சினைப்பைகூடப் பல சமயம் தேறிவிடுகிறது. அதனால் வலி மாத்திரை போட்டுப் பார்த்து, விடியட்டும் என்று படுத்துக்கொள்ள வேண்டாம். அந்த இரவிலேயே கிளம்புங்கள்.